நோர்மி குவோங்: ஆடுகளத்திலிருந்து ஆளுநர் ஆசனம் வரை

விளையாட்டையும் அரசியலையும் ஒன்றுடனொன்று கலக்கக்கூடாது என்று கூறப்படுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் அவ்வாறு கூறுபவர்கள் அரசியல்வாதிகளாகவே இருப்பார்கள் என்பது வேறு விடயம். ஓர் அணியில் யாருக்கு இடம் கிடைக்கிறது, அந்த அணியை நிருவகிக்கும் சபையில் யார் அமருகிறார்கள் என்ற கேள்விகளை ஒரு நாட்டின் அரசியலில் இருந்து பிரித்துப் பார்க்க முடிவதில்லை. கனடாவின் மேற்கு மாகாணமான அல்பேர்டாவில் பிறந்து வளர்ந்த சீன வம்சாவளி விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கை இந்த உண்மையை மிகவும் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது. அவரின் பெயர் நோர்மி குவோங்.

கனடாவுக்கு வெளியே வாழும் தமிழ் வாசகர்களில் பலர் அவரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். 2016 செப்டெம்பர் 3 ஆம் திகதி கல்கரி நகரில் தனது 86 ஆவது வயதில் அவர் காலமானார். கனடிய உதைபந்தாட்டத்தின் அதியுயர் வெற்றிக்கிண்ணத்தை நான்கு தடவைகள் வென்ற அணிகளில் விளையாடியவர். ஒரு ஐஸ் ஹொக்கி கழகத்தின் கூட்டு உரிமையாளர். தான் முதன்முதலில் விளையாடிய கழகத்துக்கே பின்னர் தலைவராகவும் பொது முகாமையாளராகவும் வந்தவர். இறுதியில் பிரித்தானிய மகாராணியின் பிரதிநிதியாக அல்பேர்டாவின் லெப்டினன்ட் கவர்னர் பதவியை வகித்தவர். ஒரு மனிதனின் வாழ்வில் இவ்வளவும் நடந்தேறியது என்பதே வியப்பானது. ஆனால், அவர் பிறந்தபோது அவரின் இனத்தவர்கள் தொடர்பில் கனடாவில் நடைமுறையில் இருந்த சட்டத்தைத் தெரிந்துகொண்டால்தான் அந்த வியப்பின் முழுமையான அர்த்தம் விளங்கும்.

எனவே கதையை உதைபந்தாட்ட மைதானத்தில் இருந்தல்ல, கனடியப் பாராளுமன்றத்தில் இருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது.

1880 களின் முற்பகுதியில் கனடிய பசுபிக் ரயில்பாதையின் மேற்குப் பகுதியை நிர்மாணிப்பதற்காக சுமார் 15 ஆயிரம் சீனத் தொழிலாளர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மலைகளை வெடிவைத்துத் தகர்க்கும் ஆபத்தான வேலைகள் அவர்களிடமே ஒப்படைக்கப்பட்டன. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். 1885 ஆம் ஆண்டில் ரயில்பாதை பூர்த்தியானது. அதே ஆண்டிலேயே நாட்டுக்குள் வரும் சீனர் ஒவ்வொருவர் மீதும் 50 டொலர் தலைவரி விதிக்கப்பட்டது. அந்த வரி 1900 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 100 டொலராகவும் 1903 ஆம் ஆண்டில் 500 டொலராகவும் உயர்த்தப்பட்டது. அன்றைய நாளில் 500 டொலர் என்பது ஒரு தொழிலாளியின் ஏறக்குறைய இரு வருடச் சம்பளம். வேறு எந்த நாட்டிலிருந்து வந்த குடியேற்றவாசிகளிடமும் இத்தகைய வரி அறவிடப்படவில்லை. 81 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடமிருந்து மொத்தமாக சுமார் 2 கோடியே 30 இலட்சம் டொலர் வசூலிக்கப்பட்டது.

வரி விதித்தும் வருகை நிற்கவில்லை என்று கண்டபோது கதவு முற்றாகவே மூடப்பட்டது. 1923 ஜூலை முதலாம் திகதி சீனக் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கனடிய சமஷ்டியின் பிறந்ததினமாகக் கொண்டாடப்படும் அந்த நாளை சீனச் சமூகத்தவர்கள் நீண்டகாலமாக 'அவமான தினம்' என்றே அழைத்துவந்தனர். அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்த 24 வருடங்களில் குடியேறுவதற்கு அனுமதிக்கப்பட்ட சீனர்களின் எண்ணிக்கை 50 ஐயும் எட்டவில்லை. கணவன் கனடாவிலும் மனைவி பிள்ளைகள் சீனாவிலுமாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிரிந்தே கிடந்தன. அது மாத்திரமல்ல, கனடாவில் பிறந்தவர்கள் உட்பட சீன வம்சாவளியினர் அனைவரும் அரசாங்கத்திடம் தங்களைப் பதிவு செய்யவேண்டும் என்றும் அந்தச் சட்டம் கட்டளையிட்டது.

இந்தச் சட்டம் அமுலில் இருந்த காலத்தில்தான், 1929 அக்டோபர் 24 ஆம் திகதி, கல்கரியில் குவோங் பிறந்தார். சீனாவின் குவாங்டொங் மாகாணத்தின் தைஷான் பகுதியில் இருந்து வந்து குடியேறிய அவரின் பெற்றோர் கல்கரியில் ஒரு பலசரக்குக் கடையை நடத்திவந்தனர். ஆறு பிள்ளைகளில் அவர் ஐந்தாமவர். அந்த நகரமும் சீனர்களுக்கு எப்போதும் இதமானதாக இருந்ததில்லை. 1892 ஆம் ஆண்டில் அம்மை நோயைக் காரணம் காட்டி ஒரு கும்பல் அங்கிருந்த சீனர்களின் சலவைக் கடைகளைத் தாக்கி நாசப்படுத்திய சம்பவம் கல்கரியின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் லிம் குவோங் யூ. சீன வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வரும். அதாவது, அவர்களின் குடும்பப் பெயர் லிம். ஆனால், ஆங்கிலேயரின் வழக்கத்துக்குள் நுழைந்தபோது அது நடுவில் ஒதுங்கிப்போய், நோர்மன் லிம் குவோங் என்று ஆனது. சொந்தப் பெயரின் ஒரு பாதியே குடும்பப் பெயராகிவிட்டது. தந்தையின் பெயர் தனது 'கடைசிப் பெயர்' ஆகவும், தனது பெயர் தன் பிள்ளைகளின் 'கடைசிப் பெயர்' ஆகவும் மாறி, ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பப் பெயர்களுடன் வெளிநாடுகளில் வாழும் நமது மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமில்லை.

1947 மே மாதத்தில் சீனக் குடிவரவுச் சட்டம் நீக்கப்பட்டது. அது தானாக நிகழ்ந்துவிடவில்லை. இரண்டாவது உலகப்போரில் சுமார் 600 சீனக் கனடியர்கள் கனடாவின் படைகளில் பணியாற்றினார்கள். தங்களுக்கு முழுமையான பிரஜா உரிமைகளை வழங்காத ஒரு நாட்டுக்காக அவர்கள் போரிட்டார்கள். போர் முடிந்து திரும்பிவந்த அவர்கள் உரிமையைக் கேட்டபோது மறுப்பதற்கு அரசாங்கத்திடம் நியாயம் எதுவும் இருக்கவில்லை. கனடாவின் முதலாவது சீன வம்சாவளிச் சட்டத்தரணியான கியூ டொக் யிப் போன்றவர்கள் ஒட்டாவாவில் இடைவிடாது குரல்கொடுத்தார்கள். அதே 1947 ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் கொலம்பியாவில் சீன வம்சாவளியினருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதற்கு அடுத்த வருடம், 1948 ஆம் ஆண்டில், 18 வயது இளைஞனான குவோங் கல்கரி ஸ்டம்பீடர்ஸ் கழகத்தில் சேர்ந்தார். கனடாவின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் சீன வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் இடம்பிடித்தது அதுவே முதற்தடவை.

இந்த வரிசையை வாசகர்கள் கவனிக்கவேண்டும். முதலில் போர்வீரர்களும் சட்டத்தரணிகளும் சட்டத்தின் கதவைத் திறந்தார்கள். அதற்குப் பிறகே விளையாட்டு வீரன் வந்தான். விளையாட்டு வீரர்கள் இனவாதத்தின் சுவர்களைத் தகர்த்தார்கள் என்று எழுதுவது பத்திரிகையாளர்களாகிய எங்களுக்கு மிகவும் பிடித்தமான விடயம். உலகின் பல பாகங்களில் இருந்து வந்த அத்தகைய கதைகளை நானும் செய்திப்பிரிவில் இருந்த வருடங்களில் பிரசுரத்துக்காகச் செம்மைப்படுத்தியிருக்கிறேன். ஆனால், அந்தச் சுவரில் முதல் உளியை வைத்தவர்கள் யார் என்று தேடிப்போனால் பெரும்பாலும் கைதட்டல் எதையும் பெறாத மனிதர்களையே காண்கிறோம்.

கனடிய உதைபந்தாட்டம் பற்றி ஒரு சிறு விளக்கம் அவசியமாகிறது. நாம் உதைபந்தாட்டம் என்று அழைக்கும் விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ரக்பியில் இருந்து கிளைத்த விளையாட்டு. அமெரிக்க உதைபந்தாட்டத்தின் சகோதரன் எனலாம். ஆனால், மைதானம் பெரியது. 110 யார் நீளமும் 65 யார் அகலமும் கொண்டது. ஓர் அணிக்கு 12 பேர். பந்தை வைத்திருக்கும் அணி மூன்று முயற்சிகளுக்குள் 10 யார் தூரம் முன்னேறவேண்டும். அமெரிக்காவில் அதற்கு நான்கு முயற்சிகள் உண்டு. குவோங் விளையாடியது ஃபுல்பேக் என்ற இடத்தில். எதிரணியின் தடித்த உடல்கள் மதில்போல நிற்கும் நடுப்பகுதிக்குள் பந்தை அணைத்துக்கொண்டு பாய்ந்து நுழைவதே அந்த ஆட்டக்காரரின் பிரதான வேலை. அடிகள் அதிகமாக விழும் இடமும் அதுவே. குவோங் உயரமான மனிதர் அல்லர். குனிந்து வேகமாகப் பாய்வதே அவரின் பலமாக இருந்தது.

அவர் சேர்ந்த வருடத்திலேயே கல்கரி அணி ஒரு சாதனையைப் படைத்தது. 1948 பருவத்தில் அந்த அணி ஓர் ஆட்டத்தில் கூட தோல்வியடையவில்லை. நவம்பர் 27 ஆம் திகதி டொரொண்டோவில் நடைபெற்ற இறுதிப்போட்டியில் ஒட்டாவா அணியை 12 – 7 என்ற புள்ளிகளில் வென்று கிரே கிண்ணத்தைத் தனதாக்கிக்கொண்டது. மகாதேசாதிபதியாக இருந்த கிரே பிரபு 1909 ஆம் ஆண்டில் வழங்கிய அந்தக் கிண்ணத்தை கல்கரி வென்றது அதுவே முதற்தடவை. அணியில் இருந்தவர்களில் ஒருவர் வூடி ஸ்ட்ரோட். அமெரிக்கத் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் 1946 ஆம் ஆண்டில் நிறத்தடை உடைந்தபோது உள்ளே வந்த முதல் கறுப்பின வீரர்களில் ஒருவரான அவர் பின்னர் ஹொலிவூட் நடிகராகவும் புகழ்பெற்றார். ஒரு சீனக் கனடிய இளைஞனும் ஒரு கறுப்பின அமெரிக்கரும் அந்த மேற்கத்தைய 'கௌபோய்' நகரத்தின் அணியில் ஒன்றாக நின்றார்கள்.

அந்த இறுதிப்போட்டி வேறொரு காரணத்துக்காகவும் நினைவுகூரப்படுகிறது. கல்கரி ரசிகர்கள் விசேட ரயிலில் குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு டொரொண்டோவுக்கு வந்து இறங்கினார்கள். வீதிகளில் அடுப்பு மூட்டி அப்பம் சுட்டு எல்லோருக்கும் பரிமாறினார்கள். அவர்களில் ஒருவர் றோயல் யோர்க் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்துக்குள் குதிரையுடன் நுழைந்தார் என்பது கனடிய விளையாட்டு உலகில் இன்றும் கூறப்படும் கதை. கிரே கிண்ண இறுதிப்போட்டி ஒரு தேசியத் திருவிழாவாக மாறியது அந்த வருடத்தில் இருந்துதான்.

1951 ஆம் ஆண்டில் கல்கரி கழகம் அவரை எட்மன்டன் கழகத்துக்கு மாற்றியது. 1960 ஆம் ஆண்டில் ஓய்வுபெறும் வரை அவர் அங்கேயே விளையாடினார். எஸ்கிமோஸ் என்று அப்போது அழைக்கப்பட்ட அந்த அணி 1954, 1955, 1956 என்று தொடர்ச்சியாக மூன்று வருடங்கள் கிரே கிண்ணத்தை வென்றது. மூன்று தடவைகளும் தோற்றது மொன்றியல் அணி. 1954 ஆம் ஆண்டு இறுதிப்போட்டியில் ஆட்டம் முடியும் தறுவாயில் மொன்றியல் வீரர் தவறவிட்ட பந்தைப் பொறுக்கிக்கொண்டு ஜக்கி பார்க்கர் மைதானத்தின் மறுமுனைவரை ஓடியதும், 26 – 25 என்று ஒரேயொரு புள்ளியில் எட்மன்டன் வென்றதும் கனடிய விளையாட்டு வரலாற்றின் மறக்கமுடியாத நிகழ்வுகள். (ஆர்க்டிக் பகுதிப் பூர்வகுடிகளுக்கு மற்றவர்கள் சூட்டிய, அவர்களில் பலர் வெறுக்கும் பெயர் என்பதால் எஸ்கிமோஸ் என்ற பெயரை 2020 ஆம் ஆண்டில் கைவிட்ட கழகம், 2021 ஆம் ஆண்டில் எல்க்ஸ் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது.)

எட்மன்டனில் அவருடன் சேர்ந்து பந்தைச் சுமந்தவர் ஜொனி பிரைட். அவர் ஒரு கறுப்பின அமெரிக்கர். 1951 அக்டோபரில் ஒக்லஹோமா மாநிலத்தில் நடைபெற்ற ஒரு பல்கலைக்கழகப் போட்டியில், பந்து கையில் இல்லாதபோது எதிரணி வீரர் ஒருவர் பிரைட்டின் முகத்தில் தாக்கி தாடையை உடைத்தார். அந்தத் தாக்குதலை அடுத்தடுத்துப் படம்பிடித்த அயோவா பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் இருவருக்கு 1952 ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசு கிடைத்தது. பிலடெல்பியா கழகம் தெரிவு செய்திருந்த போதிலும், அங்கு போகாமல் பிரைட் கனடாவுக்கு வந்தார். பின்னர் கனடியப் பிரஜையாகி, எட்மன்டனில் பாடசாலை ஆசிரியராகவும் அதிபராகவும் பணியாற்றி, 1983 ஆம் ஆண்டில் அந்த நகரிலேயே மறைந்தார். ஒரு நாடு துரத்திய மனிதனும், தான் பிறந்த நாடே தன்னைப் பதிவேட்டில் வைத்திருந்த மனிதனும் தோளோடு தோள் நின்று ஓடினார்கள். 1950 களின் நடுப்பகுதியில் அவர்களைத் தடுத்து நிறுத்துவது எதிரணிகளுக்கு இயலாத காரியமாகவே இருந்தது.

புள்ளிவிபரங்கள் பேணப்பட்ட பருவங்களில் மாத்திரம் குவோங் பந்துடன் ஓடிக் கடந்த தூரம் 9,022 யார். 1956 ஆம் ஆண்டில் ஒரே பருவத்தில் 1,437 யார் ஓடினார். கனடிய வீரர் ஒருவரின் அந்தச் சாதனை 56 வருடங்கள் முறியடிக்கப்படாமல் நின்றது. 2012 ஆம் ஆண்டில் கல்கரி வீரர் ஜோன் கோர்னிஷ் அதை முறியடித்தார்.

1955, 1956 ஆகிய இரு வருடங்களிலும் மிகச்சிறந்த கனடிய வீரருக்கான ஷென்லி விருது குவோங்கிற்கு வழங்கப்பட்டது. 1955 ஆம் ஆண்டின் சிறந்த கனடிய ஆண் விளையாட்டு வீரராகவும் அவர் தெரிவானார். கனடிய அணிகளில் அமெரிக்க வீரர்கள் பெருமளவில் விளையாடிய காரணத்தால், உள்நாட்டு வீரர்களைத் தனியாகக் கௌரவிக்கும் நோக்கில் ஷென்லி விருதின் அந்தப் பிரிவு அமைந்திருந்தது. கனடாவில் பிறந்த சீனரையும் அந்நியராகவே பதிவு செய்த சட்டம் நீக்கப்பட்டு எட்டே வருடங்களில், யார் மிகச்சிறந்த கனடியன் என்று கேட்டபோது விளையாட்டு உலகம் அந்தச் சீனக் கடைக்காரரின் மகனையே சுட்டிக்காட்டியது. அரசின் ஏடு ஒன்றைக் கூறியது. மைதானத்தின் ஏடு இன்னொன்றைக் கூறியது.

ஆனாலும், பத்திரிகைகளும் ரசிகர்களும் அவருக்குச் சூட்டிய பட்டப்பெயர் 'சைனா கிளிப்பர்'. 1935 ஆம் ஆண்டில் பசுபிக் சமுத்திரத்தைக் கடந்து முதன்முதலில் தபால்களைக் கொண்டுசென்ற பான் அமெரிக்கன் நிறுவனத்தின் புகழ்பெற்ற விமானத்தின் பெயர் அது. வேகத்தைப் பாராட்டி வைத்த பெயர்தான். இழிவுபடுத்தும் நோக்கம் அதில் இருந்ததாகக் கூறமுடியாது. இருந்தாலும், கல்கரியில் பிறந்து, கல்கரியில் படித்து, அல்பேர்டாவின் இரு நகரங்களைத் தவிர வேறெங்குமே விளையாடாத ஒருவரைப் பாராட்டுவதற்கும் 'சைனா' என்ற சொல் தேவைப்பட்டது. கைதட்டும்போதும் அடையாளம் வைத்துக் கைதட்டும் வழக்கம் எந்தவொரு சிறுபான்மைச் சமூகத்தவருக்கும் பழக்கமானதே.

பெரும்பாலான விளையாட்டு வீரர்களின் கதை ஓய்வுடன் முடிந்துவிடுகிறது. ஒரு நாடு தனது சிறுபான்மையினரை உண்மையில் எந்தளவுக்கு ஏற்றுக்கொள்கிறது என்பதற்கான சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஓடக்கூடியவனை, பாடக்கூடியவனை, சிரிக்கவைக்கக்கூடியவனை எந்தச் சமூகமும் விரைவில் ஏற்றுக்கொள்ளும். அவன் கூலி பெறுபவனாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. முடிவெடுக்கும் மேசையில் அவனுக்கு ஓர் ஆசனம் கொடுக்கிறார்களா என்பதே கேள்வி.

1960 ஆம் ஆண்டில் விளையாட்டை விட்ட குவோங் பங்குத்தரகராகவும் பின்னர் வர்த்தகக் கட்டடங்களின் விற்பனைத் துறையிலும் தொழில் செய்தார். அந்த வருடத்திலேயே மேரி லீயைத் திருமணம் செய்தார். அவர்களுக்கு நான்கு ஆண்பிள்ளைகள். 1971 ஆம் ஆண்டு அல்பேர்டா மாகாணத் தேர்தலில் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சியின் வேட்பாளராகக் கல்கரியில் போட்டியிட்டார். 36 வருடங்கள் தொடர்ந்து ஆட்சிசெய்த சமூகக் கடன் கட்சியை அந்தத் தேர்தலில் பீட்டர் லோஹீட் தலைமையிலான அவரின் கட்சி வீழ்த்தியது. ஆனால், குவோங் தோற்றுப்போனார். லோஹீட்டும் ஒரு காலத்தில் எட்மன்டன் அணியில் விளையாடியவர். 1985 ஆம் ஆண்டில் அவருக்குப் பின் மாகாண முதல்வராக வந்த டொன் கெட்டி, 1956 ஆம் ஆண்டு கிரே கிண்ண வெற்றியில் குவோங்கின் சக வீரர். ஒரே மைதானத்தில் ஓடியவர்களில் இருவர் முதல்வர்களானார்கள். சட்டமன்றத்தின் வாசல் வரை சென்றுவிட்டு குவோங் திரும்பிவந்தார். தோல்விக்கு இனமே காரணம் என்று கூறுவதற்கு ஆதாரம் இல்லை. சீன வம்சாவளியைச் சேர்ந்த முதலாவது பாராளுமன்ற உறுப்பினராக டக்ளஸ் ஜங் 1957 ஆம் ஆண்டிலேயே வன்கூவரில் இருந்து தெரிவாகியிருந்தார் என்பதும் இங்கு கவனிக்கத்தக்கது.

அரசியலில் கிடைக்காத ஆசனம் விளையாட்டு நிருவாகத்தில் கிடைத்தது. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இருந்த ஃபிளேம்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி கழகம் கல்கரிக்குக் கொண்டுவரப்பட்டபோது, அதன் உரிமையாளர்களாக ஒன்றுசேர்ந்த வர்த்தகர்களில் குவோங்கும் ஒருவர். மற்றவர்களில் பலர் எண்ணெய்த் துறையிலும் கட்டட நிர்மாணத்திலும் செல்வம் திரட்டியவர்கள். 1989 மே மாதத்தில் மொன்றியல் அணியை அதன் சொந்த அரங்கிலேயே தோற்கடித்து ஃபிளேம்ஸ் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. வென்றவர்களின் பெயர்களை அந்தக் கிண்ணத்தில் பொறிப்பது மரபு. அவ்வாறு கிரே கிண்ணத்துடனும் ஸ்டான்லி கிண்ணத்துடனும் பெயர் இணைந்த மிகச்சிலரில் ஒருவரானார் குவோங்.

ஃபிளேம்ஸ் வெற்றியின் உச்சியில் இருந்தபோது ஸ்டம்பீடர்ஸ் கடன் சுமையில் தத்தளித்துக்கொண்டிருந்தது. 1980 களின் நடுப்பகுதியில் அந்தக் கழகம் மூடப்படும் தறுவாயில் இருந்தது. நகரமக்களிடம் பருவச் சீட்டுகளை விற்று அதைக் காப்பாற்ற ஓர் இயக்கமே நடத்தப்பட்டது. 1987 ஆம் ஆண்டில் மொன்றியல் கழகம் பருவம் தொடங்கும் தறுவாயில் மூடப்பட்டது; முழு லீக்கின் எதிர்காலமும் கேள்விக்குறியாகியது. இத்தகைய சூழ்நிலையில்தான் 1988 ஆம் ஆண்டில் ஸ்டம்பீடர்ஸ் கழகத்தின் தலைவர், பொது முகாமையாளர் ஆகிய பொறுப்புகளை குவோங் ஏற்றார். நாற்பது வருடங்களுக்கு முன்னர் 18 வயதில் அவர் ஓடத்தொடங்கிய அதே கழகம்.

மூழ்கும் நிலையில் உள்ள நிறுவனத்தின் தலைமை ஒரு கௌரவமல்ல, அது ஒரு சுமை. பெரும்பான்மைச் சமூகங்கள் வெளியாரிடம் தலைமையைக் கொடுக்கும் சந்தர்ப்பங்கள் பெரும்பாலும் அத்தகையவையாகவே இருப்பதுண்டு. ஆனால் குவோங் அங்கு வெளியார் அல்லர். அந்த நகரத்தின் முதல் கிண்ணத்தை வென்ற அணியின் வீரர் என்ற உரிமை அவருக்கு இருந்தது. 1990 ஆம் ஆண்டில் அணியின் தலைமைப் பயிற்சியாளராக வோலி புவோனோவை அவர் நியமித்தார். தலைமைப் பயிற்சியாளராக முன்அனுபவம் எதுவும் இல்லாத புவோனோ, இத்தாலியில் பிறந்து சிறுவயதில் மொன்றியலுக்கு வந்த குடியேற்றவாசி. 1991 ஆம் ஆண்டில் அணி கிரே கிண்ண இறுதிப்போட்டி வரை சென்றது. வின்னிபெக்கில் கடுங்குளிரில் நடைபெற்ற அந்தப் போட்டியில் டொரொண்டோவிடம் 36 – 21 என்று தோற்றது. அந்த வருடத்திலேயே கழகம் ஒரு தனிப்பட்ட வர்த்தகரின் கைக்கு மாற, குவோங் விலகினார். அவர் கிண்ணத்தை வெல்லவில்லை. ஆனால், அவர் நியமித்த பயிற்சியாளர் 1992 ஆம் ஆண்டில் வென்றார். 2018 ஆம் ஆண்டில் ஓய்வுபெற்றபோது லீக் வரலாற்றில் அதிக வெற்றிகளைக் கண்ட பயிற்சியாளராக இருந்தார். ஒரு நிருவாகியின் திறமையை அவர் இருந்த காலத்தின் வெற்றிகளால் மாத்திரம் அளந்துவிட முடியாது; போகும்போது எதை விட்டுச்செல்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும்.

2005 ஜனவரி 20 ஆம் திகதி, தனது 75 ஆவது வயதில், குவோங் அல்பேர்டாவின் லெப்டினன்ட் கவர்னராகப் பதவிப்பிரமாணம் செய்துகொண்டார். அந்தப் பதவி இலங்கையின் மாகாண ஆளுநர் பதவியைப் போன்று நிறைவேற்று அதிகாரங்களைக் கொண்டதல்ல. அரசாங்கத்தின் கொள்கை விளக்க உரையை வாசிப்பதும் சட்டமூலங்களுக்கு முடியின் சம்மதத்தை வழங்குவதுமே அவரின் பிரதான கடமைகள். ஆனால், குறியீடு என்ற வகையில் அது மிகப்பெரியது. சீனர்களை வெளியே நிறுத்திய சட்டம் முடியின் பெயரிலேயே நிறைவேற்றப்பட்டது. இப்போது அல்பேர்டாவில் முடியின் பெயரில் கையொப்பமிடுபவர் ஒரு சீனரின் மகன்.

பிரதமர் போல் மார்ட்டினின் ஆலோசனையின் பேரில் அந்த நியமனத்தைச் செய்தவர் மகாதேசாதிபதி ஏட்ரியன் கிளார்க்சன். அவரும் சீன வம்சாவளியினர்தான். ஹொங்கொங்கில் பிறந்து, ஜப்பானிய ஆக்கிரமிப்பில் இருந்து தப்பி 1942 ஆம் ஆண்டில் குழந்தையாகப் பெற்றோருடன் கனடாவுக்கு வந்தவர். அவர்களைப் போன்றவர்களின் வருகையைத் தடைசெய்த அதே சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. போர்க்கால விதிவிலக்கினால் உள்ளே வந்த அந்தக் குழந்தை நியமித்தது, பதிவேட்டுக் காலத்தில் பிறந்த ஒருவரை.

அதற்கு அடுத்த வருடம், 2006 ஜூன் 22 ஆம் திகதி, பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் தலைவரிக்காகச் சீனச் சமூகத்திடம் மன்னிப்புக் கோரினார். வரியைச் செலுத்தியவர்களில் உயிருடன் இருந்தவர்களுக்கோ, இறந்துவிட்டால் அவர்களின் வாழ்க்கைத்துணைக்கோ 20 ஆயிரம் டொலர் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. பெரும்பாலானவர்கள் அதற்கு முன்னரே இறந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை என்பதால் பலர் அதிருப்தியடைந்தனர். மன்னிப்பு வருவதற்கு முன்னரே பதவி வந்துவிட்டது என்பது இந்தக் கதையின் விசித்திரம். ஒரு சமூகத்துக்குச் செய்த அநீதியை ஒப்புக்கொள்வதை விட, அந்தச் சமூகத்தைச் சேர்ந்த தகுதிவாய்ந்த தனிமனிதன் ஒருவனைக் கௌரவிப்பது அரசுகளுக்கு எப்போதுமே சுலபமானது.

அதனால் குவோங்கின் வாழ்க்கையை ஒரு வெற்றிக்கதையாக மாத்திரம் வாசித்து மகிழ்ந்துவிட்டுப் போகக்கூடாது என்பது எனது அபிப்பிராயம். 'குவோங்கைப் பாருங்கள், திறமை இருந்தால் எவரும் முன்னேறலாம்' என்று கூறுவது எளிது. ஆனால், அவரைப் போன்று வேகமாக ஓடத்தெரியாத, சலவைக்கடைகளிலும் சமையலறைகளிலும் மனைவி பிள்ளைகளைக் காணாமலேயே முதுமையடைந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அந்த நாட்டின் மீது உரிமை இருந்தது. உரிமை என்பது திறமைக்குக் கிடைக்கும் பரிசு அல்ல. தனியொருவனின் உயர்வை அவனது சமூகத்தின் விடுதலையாகக் காட்டும் மாயவித்தையை நாம் எமது நாட்டிலும் நிறையவே பார்த்திருக்கிறோம்.

அதேவேளை, குவோங்கின் பங்கையும் குறைத்து மதிப்பிட முடியாது. 1971 ஆம் ஆண்டில் பிரதமர் பியர் ட்ரூடோ பன்முகக் கலாசாரக் கொள்கையை அறிவித்த பிறகு அமைக்கப்பட்ட தேசிய ஆலோசனை சபையில் அவர் பணியாற்றினார். 1967 ஆம் ஆண்டில் இனத்தைப் பாராமல் புள்ளிகளின் அடிப்படையில் குடிவரவை அனுமதிக்கும் முறை வந்தது. 1980 களில் இருந்து கனடாவுக்குச் சென்ற இலங்கைத் தமிழர்கள் நுழைந்தது, இவ்வாறு பிறர் நீண்டகாலம் போராடித் திறந்த கதவுகளின் வழியாகத்தான். 2011 ஆம் ஆண்டில் ராதிகா சிற்சபைஈசன் கனடியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதலாவது தமிழர் என்று நாம் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையில் ரயில்பாதையில் மடிந்த சீனத் தொழிலாளிக்கும், உரிமையற்ற நாட்டுக்காகச் சீருடை அணிந்த சிப்பாய்க்கும், ஒட்டாவாவில் குரல்கொடுத்த சட்டத்தரணிக்கும் ஒரு பங்கு உண்டு.

2010 மே மாதம் வரை குவோங் லெப்டினன்ட் கவர்னர் பதவியில் இருந்தார். ஆடுகளத்தில் அவருக்கு இடம் கிடைக்க ஒரு பருவம் போதுமானதாக இருந்தது. கழக நிருவாகத்தின் தலைமை ஆசனத்துக்கு நாற்பது வருடங்கள் எடுத்தது. முடியின் பிரதிநிதியாவதற்கு 57 வருடங்கள். இந்த மூன்று இடைவெளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நாடு எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்பது தெரியும். மாறமுடியும் என்பதும் தெரியும்.